படுத்துக்கொண்டே நான்கு மைல்

எங்கள் பள்ளிவாசலில் முழங்கால் ஏலாமல் கதிரையில் உட்கார்ந்து தொழுகிறவர்களை நான் எண்ணி வருகிறேன். தொழுகையில் கவனம் சிதறக் கூடாது என்பதால் தொழுகை தொடங்கச் சொல்லும் இகாமத்துக்கு முன்பே எண்ணி முடித்துவிடுவேன். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் புள்ளிவிபரம் எடுக்கும் வேலையில் காலம் கழித்தவனுக்கு இந்தப் பழக்கம் எளிதில் போகாது. நான் ஓய்வுபெற்றபோது வரிசைகளின் ஓரத்தில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. இப்போது பதினேழு. நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து ஒவ்வொரு முறை எழும்பும்போதும் என் இடது முழங்காலில் ஒரு சத்தம் கேட்கும். பதினெட்டாவது கதிரை எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

பதினேழில் ஒன்று என் மச்சானுடையது. என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர்; நானும் அவருக்கு மச்சான்தான். மன்னார் ரவுன் கடைத்தெருவில் புடவைக்கடை நடத்தி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தபடியே முதுமைக்கு வந்தவர். இப்போது கடையை மகன்மார் பார்க்கிறார்கள். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறது. உடம்பும் பாரம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் சிறிய தூரத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடங்களில் நிற்பார்.

அவரும் ராத்தாவும் மக்காவுக்கு உம்ராப் பயணம் போவதென்று முடிவானது. நோன்புக்கு முந்திய மாதம் பயணம். அதற்கு ஏறக்குறைய ஏழு மாதம் இருந்தது. அப்போதுதான் அவருடைய கூட்டாளி ஒருவர் உம்ராவில் எடுத்த வீடியோ அவர் போனுக்கு வந்தது. கூட்டாளியைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு பொடியன் கஃபாவைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போகிறான். மச்சான் அதை எனக்கு மூன்று முறை போட்டுக் காட்டினார்.

“பாத்தீங்களா மச்சான், அந்தப் பொடியன்ட அவசரத்தை. மனுசன் துஆ ஓதி முடிக்கிறதுக்கு முந்தி சுத்து முடிஞ்சு போகுது. பார்சல் கொண்டு போற மாதிரிக் கொண்டு போறான்.”

“ஏலாதவங்களுக்கு அது ஆகும்தானே, மச்சான்.”

“ஏலாதவங்களுக்கு. எனக்கு ஏலும். அந்த ஏழு சுத்தையும் என்ர காலாலதான் சுத்துவன்.”

அதைச் சொல்லும்போது அவர் மதிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அதன்பிறகு அவர் வேறு எதையும் பெரிதாகப் பேசவில்லை.

காலுக்கு என்று விளம்பரம் வந்த எல்லாவற்றையும் அவர் வாங்கினார். போனும் அவருடைய ஆசையைத் தெரிந்துகொண்டதுபோல ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. காந்தம் வைத்த செருப்பு வந்தது. முழங்காலுக்கு இழுத்துப் போடும் உறை வந்தது. தண்ணீரில் கலந்து குடிக்கும் தூள் வந்தது. அது வயிற்றை மட்டும் இளக்கியது. ஒவ்வொன்றின் பெட்டியிலும் சிரித்துக்கொண்டு ஓடும் ஒரு கிழவனின் படம் இருந்தது. இரண்டு பெட்டிகளில் ஒரே கிழவன். நான் சுட்டிக்காட்டினேன். “ரெண்டையும் பாவிச்சுத்தானே இந்த ஓட்டம் ஓடுறார்” என்றார் மச்சான்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரான தோட்டவெளிப் பக்கம், பெரிய ரோட்டோரம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மெஷின் கட்டில் கடை போட்டார்கள். கட்டிலில் மல்லாந்து படுத்தால் உள்ளே சூடான உருளைகள் கழுத்திலிருந்து கால்வரை ஓடும். அரை மணித்தியாலம். காசில்லை. யாரும் வரலாம், எத்தனை நாளும் வரலாம். வாசலில் பெரிய பனர் கட்டியிருந்தது: ‘படுத்துக்கொண்டே நான்கு மைல் நடந்த பலன்.’

அது எனக்கு எரிச்சலைத் தந்தது. நடந்தால் ஓர் இடத்துக்குப் போய்ச் சேரலாம். படுத்தால் எங்கே போய்ச் சேர்வது என்று மச்சானைக் கேட்டேன். “மக்காவுக்கு” என்றார்.

காலை ஆறரைக்கு நம்பர் கொடுப்பார்கள். பிந்தினால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். விடியுமுன் சுபஹ் தொழுத கையோடு வெளிக்கிட்டால்தான் சரி. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஆட்டோ ஓடாது. அப்படியே ஒருவரை எழுப்பினாலும் மச்சான் ஏறமாட்டார்.

“சும்மா கிடைக்கிறதுக்கு ஆட்டோவுக்குக் குடுத்துக்கொண்டு போறதோ? அப்ப அது சும்மா இல்லையே.”

வியாபாரியின் நியாயம். ஆகவே நடந்தோம். நான் துணைக்குப் போனேன்; வழியில் விழுந்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். எங்கள் ஊரான எருக்கலம்பிட்டியிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் பாதையில் அந்த நேரத்துக்குக் கழுதைகள் மட்டும் நிற்கும். முதல் நாள் அவர் பத்தொன்பது இடத்தில் நின்றார். நான் ஒரு மடிக்கதிரை கொண்டு போயிருக்கலாம் என்று கவலைப்பட்டேன்.

கடைக்குள் பத்துக் கட்டில்கள். வவுனியாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை மைக் பிடித்துப் பேசுவாள். நல்ல பிள்ளை, எல்லாரையும் அப்பா, அம்மா என்பாள். முதல் வேலையாக, கட்டிலால் சுகம் கிடைத்தவர்களை எழும்பிச் சாட்சி சொல்லச் சொல்வாள். தோட்டவெளிக் கத்தோலிக்கச் சனம் பாதி, எங்கள் ஆட்கள் பாதி. ஓர் அம்மா எழும்பி, “மூண்டு வருசமா கோயில்ல முழந்தாள்படியிட ஏலாம இருந்தனான். போன ஞாயிறு முழந்தாள்படியிட்டுப் பூசை கண்டனான்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அதே அம்மா மறுநாளும் அதையே சொன்னார். அதன் அடுத்த நாளும் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

“இவ ஒராள்தான் சுகமாகியிருக்கிறா” என்று மச்சானின் காதில் சொன்னேன்.

“உங்கட கச்சேரிக் கணக்கைக் கொஞ்சம் வெளியில வச்சிட்டு வாங்கோ” என்றார்.

ஒன்றிரண்டு மாதத்தில் எனக்குச் சங்கடமான ஒன்று நடந்தது. மச்சானின் கால் தேறியது. பத்தொன்பது இடத்தில் நின்றவர் இரண்டு இடத்தில் நின்றார். பிறகு சந்தி வரைக்கும் நிற்காமல் வந்தார். பள்ளிக்குப் போகும் வழியில் மதிலைத் தொடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பு எண்ணினேன். பதினாறு கதிரைகள்தான் இருந்தன. மச்சான் கீழே, தரையில் வரிசையில் இருந்தார். என் முழங்கால் சத்தமும் குறைந்திருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டிலில் நான் படுத்ததே நாலைந்து தடவைதான். மற்ற நாட்களில் வெளியே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

அந்தப் பிள்ளை மச்சானின் கையில் மைக்கைக் கொடுத்தாள். அவர் அழுதுவிட்டார். அன்றைக்கே வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கப் பேசி முடித்தார்.

கட்டில் வீட்டுக்கு லொறியில் வந்தது. அதோடு வேறொரு தலையிடியும் வந்தது. தடித்த வயரைக் குத்தக்கூடிய பிளக் அவர் அறையில் ஒரே சுவரில்தான் இருந்தது. நீட்டு வயர் போட்டால் உத்தரவாதம் இல்லை என்று கடதாசியில் எழுதியிருந்தது. பிளக்குக்கு எட்டும்படி கட்டிலைப் போட்டால், படுக்கிறவரின் கால் நாங்கள் நோக்கித் தொழும் கிப்லாப் பக்கம் நீளும். மச்சான் அப்படிப் படுக்கமாட்டார். மேசன் வந்து பார்த்தார், மின்சார வேலைக்காரர் வந்து பார்த்தார். கடைசியில் மச்சான் ஒரு வழி கண்டார். தலை வைக்கும் இடத்தில் காலையும், கால் வைக்கும் இடத்தில் தலையையும் வைத்துப் படுத்தார்.

ராத்தா என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. கழுத்துக்கு வைத்த உருளை அவருடைய குதிக்காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

“காலுக்குத்தானே வருத்தம். கழுத்துக்கு ஓடுற பெரிய உருளை காலுக்கு ஓடினா நல்லம்தானே” என்றார் கட்டிலில் கிடந்தபடி.

காலையில் படுத்தார், மாலையில் படுத்தார். கட்டில் வந்த பிறகு அவர் வாசலைத் தாண்டுவதே தொழுகைக்கு மட்டும்தான். சில வாரங்களில் அவர் கை மறுபடியும் மதிலுக்குப் போனது. பள்ளியில் பதினேழாவது கதிரை திரும்பி வந்தது. பயணத்துக்கு மூன்று மாதத்துக்குக் குறைவாகவே இருந்தது. அவர் அந்த வீடியோவைத் திரும்பவும் பார்க்கத் தொடங்கியதாக ராத்தா சொன்னா.

“சாமான் வீட்டுக்கு வந்த நாளையில இருந்து மனுசனும் ஒரு சாமானாப் போனார். ரெண்டையும் சேத்துத் தூசி தட்டுறன்.”

அன்று இரவு நான் ஒரு சிறிய கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடைக்குப் போய் வரும் தூரம் நான்கு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பனரில் எழுதியிருந்தது ஏறக்குறைய உண்மை. படுப்பதற்காக நடந்தோம், நடந்தது வேலை செய்தது. இவ்வளவு எளிய விடயத்தை, தினமும் பக்கத்தில் நடந்த நான் கவனிக்காமல் விட்டது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மச்சானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“நடக்க ஏலாமத்தானே மச்சான் படுக்கப் போனனான். நடந்ததால சுகம் எண்டா என்னத்துக்கு அவ்வளவு பெரிய மெஷின்?”

ஆனாலும் என் மனதுக்காக, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நடந்து பார்க்கச் சம்மதித்தார். அங்கேதான் எங்கள் ஊர் குறுக்கே வந்தது. எங்கள் ஊரில் வயதான ஒருவர் ரோட்டில் நடந்தால், பின்னால் வரும் எந்த மோட்டார் சைக்கிளும் நிற்காமல் போகாது. நிற்காமல் போனால் அது மரியாதைக் குறைவு. நின்றவனிடம் ஏறமாட்டேன் என்றால், அவனோடு கோபம் என்று அர்த்தம். மெஷின் கடையிலிருந்து திரும்பும்போது, சூடு பிடித்த உடம்பில் காற்றுப் படக் கூடாது என்று சொல்லித் தப்பியிருந்தோம்.

முதல் நாள் நூறு யார் போவதற்குள் ஒருவன் வந்து நின்றான்.

“எங்க போறீங்க வாப்பா? ஏறுங்கோ.”

“சும்மா நடக்கிறன் மகன்.”

“சும்மாவோ? என்ன, வீட்டில பிரச்சினையோ?”

மச்சான் ஏறிவிட்டார். அவனைச் சந்தோசப்படுத்த, போகத் தேவையில்லாத ஒரு கடையின் பெயரைச் சொல்லி இறங்கினார். திரும்பி வர இன்னொருவன் ஏற்றினான். நாலு நாள் முயன்றோம். நாலு நாளும் சவாரிதான். ஐந்தாம் நாள், புடவைக்கடைக்காரருக்கும் மகன்மாருக்கும் ஏதோ மனக்கசப்பாம், மனுசன் ரோட்டில் அலைகிறாராம் என்று ராத்தாவின் காதுக்கே கதை வந்தது. அதோடு நடை முடிந்தது. வேலையில்லாமல் நடப்பவனைப் பற்றி எங்கள் ஊர் நல்லதாக எதையும் நினைக்காது.

மச்சான் தன் முடிவை எடுத்தார். பிழை கட்டில் கிடந்த பக்கத்தில்தான் இருக்கிறது. கடையில் கட்டில்கள் சரியான பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. ஆகவே கடைக்கே போய்ப் படுப்பது. வீட்டில் சொந்தக் கட்டில் வைத்திருப்பவர், மறுபடியும் சுபஹுக்குப் பின் நம்பர் எடுக்க என்னோடு நடந்தார். நடந்தால் போதும் என்று நானும் சரி என்றேன். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினாள். பிறகு நம்பர் கொடுத்தாள்.

கால் மெல்லத் திரும்பியது. அவர் மறுபடியும் மைக் பிடித்தார்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கடை பூட்டிக் கிடந்தது. பனரையும் கழற்றிவிட்டார்கள். முல்லைத்தீவுப் பக்கம் கொண்டு போய்விட்டார்கள் என்று முன்வீட்டுக்காரர் சொன்னார். மச்சான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம்.  வழியில் அவர் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

மறுநாள் சுபஹ் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

“கடையைத் திறந்திட்டாங்களோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வருவமா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கழுதைகள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்கோ” என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனோம். பூட்டிய கேற்றுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்போம், திரும்புவோம். திரும்பும்போது விடிந்துவிடும், மோட்டார் சைக்கிள்கள் வரும். நிற்பவர்களிடம் மச்சான் விளக்கமாகச் சொல்வார்: “மெஷின்காரனைப் பிடிக்கோணும் மகன். எங்க போயிருக்கிறான் எண்டு விசாரிச்சுக்கொண்டு போறம்.” விசாரணை என்றால் ஊருக்கு விளங்கும். ஒருவரும் எங்களை ஏற்றவில்லை. சிலர் பக்கத்தில் மெதுவாக ஓட்டியபடி கடைக்காரனை ஏசிக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் உம்ராவுக்குப் போனார்கள். ராத்தா போன் எடுத்து, கஃபாவைச் சுற்றும் தவாபின் ஏழு சுற்றையும் மனுசன் காலால் நடந்து முடித்ததாகச் சொன்னா. துஆவை நிறுத்தி நிறுத்தி ஓதியதால் தான்தான் காத்து நிற்க வேண்டியதாயிற்று என்றா. இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஏழு முறை நடக்கும் ஸஃயில் ஐந்து முறை நடந்தாராம். ஆறாவதுக்குக் கால் இழுத்துவிட்டது. மிச்சம் இரண்டுக்கும் நாற்காலியில் இருந்தாராம்.

திரும்பி வந்ததும் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். அந்த இரண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“கடையைப் பூட்டாமல் விட்டிருந்தா அந்த ரெண்டையும் நடந்திருப்பன் மச்சான்.”

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கட்டில் இன்னும் அந்த அறையில் கிடக்கிறது. ராத்தா அதில் துவைத்த உடுப்புகளை மடித்து வைக்கிறா. பள்ளியில் கதிரைகள் பதினாறு. சுபஹ் முடிந்து வெளியே வரும்போது மச்சான் சில நாளில் தோட்டவெளிப் பக்கம் பார்த்தபடி நிற்பார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பேன்.