அமைச்சர் வாழ்த்திய திறப்பு விழா

யோகநாதன் அண்ணையைப் பாரிஸின் லா சப்பலில் தெரியாதவர் இல்லை. அங்கே ரூ பெர்தொனே தெருவில் ஓர் உணவகக் குசினியில் இருபத்திரண்டு வருடமாகச் சட்டி பானையோடு மல்லுக்கட்டுகிறார். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கடிதம் எழுதுகிற பாவி நான்.

ஊரில் இருக்கும் அவருடைய தங்கை பூரணிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. டயலிசிஸ் செய்ய வாரத்தில் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அலைகிறாள். அதற்காகத்தான் ஊரிலேயே ஒரு சிகிச்சை நிலையம் கட்டினோம். கட்டடம் எழும்பியது, மெசினுக்கு வழியில்லை. வெளிநாட்டு அபிவிருத்தி உதவிக்குப் பொறுப்பான பிரெஞ்சு அமைச்சருக்கு விண்ணப்பித்தோம். அவர் கையெழுத்துப் போட்டால் மெசின் வந்துவிடும்.

நேற்றுப் பதில் வந்தது. குசினி வாசலில் நின்றே வாசித்தேன். “உங்கள் நிலையம் திறக்கப்பட்டுவிட்டதைப் படங்களில் கண்டு மகிழ்ந்தேன். வாழ்த்துகள். ஆகவே இந்த உதவியை, இன்னும் எதுவுமே இல்லாத ஓர் ஊருக்கு வழங்கியுள்ளேன்.”

அண்ணையிடம் திரும்பினேன். “என்ன படம் அண்ணை? நான் ஒரு படமும் வைக்கேல்லையே!”

“நான்தான் கவருக்குள்ள வைச்சனான். எடுப்பா இருக்குமெண்டு...”

போன ஆகஸ்டில் லீவில் ஊருக்குப் போனவர், புரட்டாசி பிறந்தால் நல்ல நாள் இல்லை, லீவும் முடிகிறது என்று வெறும் கட்டடத்துக்கே திறப்பு விழா வைத்துவிட்டார்! நிறைகுடம் வைத்து, பால் காய்ச்சி, பூரணியைக் கொண்டே நாடாவையும் வெட்டுவித்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு லீவுக்குள் எல்லாம் முடியவேண்டும். கோபத்தில் எனக்கு வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. அமைச்சரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கண்ணால் கண்டதை நம்பினார்.

உடனே அமைச்சுக்குப் போன் எடுத்தேன். ஜிஸ்லேன் என்ற அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கையெழுத்தாகி உதவி அந்த ஊருக்குப் போய்விட்டது, வேண்டுமானால் அடுத்த வருடம் விண்ணப்பியுங்கள் என்றார்.

அடுத்த வருடம்! அண்ணை சுவரில் சாய்ந்துவிட்டார். பேயறைந்த முகத்தோடு, நான் தடுக்கத் தடுக்கத் தங்கைக்குப் போன் எடுத்தார்.

“பூரணி, மெசின் வராது. பிழை என்னில.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“ஓம் அண்ணை,” என்றாள். “வைக்கட்டே? விடிய முதல் பஸ் பிடிக்கோணும்.”