கத்தரித்து அனுப்பிய சிரிப்பு

துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பழைய நகைச்சுவைக் கட்டுரை ஒன்றைப் படமெடுத்துப் போட்டிருந்தான். "அந்தக் காலத்துல எப்படி எழுதியிருக்காங்க பாருங்க" என்று ஒரு குறிப்பு வேறு. கீழே ஆளாளுக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள். அந்தக் கட்டுரைகளை நான் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை. அவனுக்குக் காரணம் தெரியாது. தெரிந்தாலும் அவன் அவனுடைய அப்பாவின் பிள்ளை.

எனக்கு ஒன்பது வயதாகும்போது, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் சிரிப்புக் கட்டுரையை வாராவாரம் கத்தரித்து, அம்மாவின் கடிதத்தோடு வைத்துவிட வேண்டும். மனைவிக்குப் பயந்த ஒருவர் மிக்சி வாங்கப் போய்க் குடையைத் தொலைத்துவிட்டு வருகிற மாதிரிக் கதைகள். அப்பா அதை ரூமில் சத்தமாகப் படிப்பாராம், கூட இருக்கும் ஏழு பேரும் சிரிப்பார்களாம். ஊர் நினைப்பில் சோறு இறங்காதவன்கூட அன்றைக்கு இன்னொரு தடவை போட்டுச் சாப்பிடுவானாம். இப்படி அப்பா எழுதும்போது எனக்குப் பெருமை தாங்காது. கத்தரிக்கோலை வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அடுத்த வருஷம் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். மூத்த மகன் அப்பாதான் கொள்ளி வைக்க வேண்டும். சித்தப்பா முந்திக்கொண்டு முடிவு சொன்னார். "அண்ணனுக்குச் சொல்ல வேண்டாங்க அண்ணி. சொன்னா வேலைய உட்டுப்போட்டு வந்துருவாரு. லீவுல வாரப்ப சொல்லிக்கலாம்." கொள்ளி வைத்ததும், மொட்டையடித்து மீசையை எடுத்ததும் சித்தப்பாதான். அந்த வாரக் கடிதத்தில் அம்மா, "மாமா நல்லா இருக்கறாருங்க" என்று எழுதினாள். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். நான் மூச்சு விடவில்லை.

ஆனால் சித்தப்பாவுக்குக் கௌரவம் முக்கியம். காரியத்தன்று பேப்பரில் படத்தோடு கண்ணீர் அஞ்சலி கொடுத்தார். அது ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்களுக்குக் காட்டத் தனியாகப் பத்துப் பேப்பர் வாங்கி வைத்திருந்தார். அம்மா விருந்தாளிகளோடு அல்லாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பேப்பரை நான் எடுத்து, கட்டுரையைக் கத்தரித்து, நாலாக மடித்து, அம்மா எழுதி வைத்திருந்த கடிதத்தோடு கவரில் வைத்து ஒட்டினேன். திருப்பிப் பார்க்கவில்லை. கட்டுரையின் பின்பக்கம் அப்பாரு இருந்தார். அவர் படத்துக்குக் கீழே, வருந்தும் மகன்கள் வரிசையில் முதல் பெயர் அப்பாவுடையது.

பதில் எப்போதும்போலத்தான் வந்தது. கட்டுரை கிடைத்தது, படித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள், அப்பாருவைக் கேட்டதாகச் சொல்லவும். கூடவே ஒரு போட்டோ. அதில் அப்பா மொட்டையடித்து, மீசையையும் எடுத்திருந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சித்தப்பாவின் தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது, இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. போட்டோவைத் தூக்கிக்கொண்டு வீதி முழுக்கக் காட்டப் போய்விட்டேன்.

அந்த நேரத்தில் அம்மா பழைய பேப்பர் அடுக்கைக் கலைத்து, ஓட்டை விழுந்த அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்த சித்தப்பா சொன்னது, பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். "தெரிஞ்சும் வராம இருந்துட்டாரே அண்ணி, நல்லதாப் போச்சுங்க." அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவுக்கு அடுத்த கடிதத்திலும் மாமா நன்றாக இருப்பதாகவே எழுதினாள்.

அந்தக் கவரில் நானும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன். "அப்பா, மொட்டையில உங்களப் பாத்தா ஒரே சிரிப்பா இருக்குது. அங்க அவ்வளவு வெயிலுங்களா?"

"ஆமாங் கண்ணு, ரொம்ப வெயில். கட்டுரை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்" என்று பதில் வந்தது. ஓரம் கோணலாகக் கத்தரித்துவிட்டேன் போலிருக்கிறது, அதுதான் அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து அன்று முழுக்க அழுதேன்.