நீலக்கோட்டுக்காரங்களை விரட்டின நாள்

எங்க கம்பெனியைப் பத்தி முதன்முதலா நாங்க வெளியே அனுப்பின தாள் முழுக்கப் புளுகு. நாற்பது பேர் வேலை பார்க்கிறாங்களாம், சோதனைக்கூடம் இருக்காம், ஓசூர்னா மதிக்க மாட்டாங்கன்னு ஆபீஸ்கூட பெங்களூர்லயாம். நிஜத்தில் ஓசூர்ல இருந்தது இரும்பு கடையற மூணு லேத், அஞ்சு ஆளு, தகரக் கூரை போட்ட ஒரு வாடகை ஷெட்.

எழுதிக் கொடுத்தவர் ஒரு பெங்களூர் ஆலோசகர். "புதுசா ஆரம்பிக்கிறவங்க பெருசாப் பேசணும், இல்லேன்னா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்"னார். என் பங்குதாரர், முன்னே ஒரு ஃபேக்டரியில் எனக்கு சூப்பர்வைசரா இருந்த அண்ணன், அதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கிட்டார். பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து அந்தத் தாளை மெயில்ல அனுப்பினது நான்தான். மறைக்க மாட்டேன், அந்தத் தப்புல பாதி என்னுது.

அதை நம்பி ஒரு பெரிய கம்பெனி பார்க்க வர்றதாச் சொன்னது. அந்த ஆர்டர் கிடைக்கலேன்னா மூணாவது லேத்தை வித்தாகணும். எங்க தெருவில் இதுக்குன்னே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷெட்டைப் பார்வையிட ஆள் வந்தா, பக்கத்து ஷெட்காரங்க தங்க ஆட்களை இரவல் தருவாங்க, கல்யாண வீட்டுக்கு அண்டா தர்ற மாதிரி. நாங்களும் தந்திருக்கோம்.

அன்னைக்குப் பக்கத்து ஷெட்கள்லேருந்து நீலக்கோட்டு மாட்டிக்கிட்டு பதினைஞ்சு பேர் வந்து எங்க லேத்துகளைச் சுத்தி நின்னாங்க. எங்க ஆபரேட்டர், கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து தினம் பஸ்ஸில் வர்ற பொண்ணு, சேலைமேல ஒரு பழைய சட்டை போட்டிருந்தா. அண்ணன் அவளைப் பின்னால சாமான் அறையில் உட்காரச் சொல்லிட்டார். அவ நேரா என்கிட்ட வந்தா.

"நான் நின்னா ஆர்டர் வராதாக்கா?"

சுருக்குன்னுச்சு. அந்த ஷெட்டிலிருந்து போன நல்ல உருப்படி எல்லாம் அவ கைபட்டது. எனக்கு வந்த ஆத்திரம் அண்ணன்மேலயா, என்மேலயேவான்னு இன்னைக்கும் தெரியலை. "கிளம்புங்கப்பா, உங்க ஷெட்ல வேலை கிடக்கும்"னு நீலக்கோட்டு அத்தனையையும் விரட்டினேன். "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?"ன்னு அண்ணன் கத்தும்போதே வாசல்ல கார் வந்து நின்னுடுச்சு.

இறங்கின அதிகாரி கையில் அந்தத் தாள். நான் முந்திக்கிட்டேன்.

"சார், அதுல இருக்கிறது பொய். சொன்னது நாங்கதான். அஞ்சு பேரு, மூணு லேத், அவ்வளவுதான். பார்க்கிறதுன்னா பாருங்க, இல்லேன்னா ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

மனுஷன் முகம் கடுகடுன்னு ஆயிடுச்சு. ஆனாலும் உள்ளே வந்தார். அந்தப் பொண்ணு லேத்துல ஒரு சின்ன இரும்பு வளையம் கடைஞ்சு கொடுத்தா, அளந்து பார்த்தார். இன்னொண்ணு கேட்டார், அதையும் அளந்தார். அவகிட்ட கன்னடத்துல பேச்சுக் கொடுத்தார். போன வாரம் எட்டு பீஸ் வீணாப்போனதையும், தேஞ்ச டூலை மாத்தாம தான் ஓட்டினதுதான் காரணம்னும் அவளே சொல்லிட்டா. அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டார். எனக்கோ அப்படி ஒரு பெருமை.

கடைசியில், "இவ்வளவு சின்ன இடத்துக்கு ஆர்டர் தர எங்க ரூல்ல வழியில்லை"ன்னார். போச்சு. அந்த மாசமே மூணாவது லேத்தை வித்தோம், அண்ணன் ரொம்ப நாள் என்கூட முகம் கொடுத்துப் பேசலை. ஒரு நாளும் நான் அதுக்கு வருத்தப்பட்டதில்லை.

அன்னைக்குக் கார்ல ஏறப்போனவர் அவளைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு நல்ல கை இருக்கும்மா. எங்க கம்பெனிக்கு வந்துடு, கான்ட்ராக்ட்ல வேலை போட்டுத் தர்றேன்"னார்.

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைச்சுக்கிட்டே அவ கேட்டா. "உங்க கம்பெனியைப் பார்க்க ஆள் வந்தா, அன்னைக்கு என்னை எங்கே சார் உட்கார வைப்பீங்க?"