உம்மாவின் எக்ஸ்ரே படத்தில் விழுந்த நிழல்

மக்காள், எக்ஸ்ரே என்றால் நீங்கள் இப்போதும் முகம் கறுக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் உம்மாவுக்கு முதன்முதலில் எக்ஸ்ரே எடுத்த கதையை வாப்பா எழுதிவைக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். மூத்தவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

உம்மாவுக்கு மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளாக, இருமல். நெஞ்சைப் படம் எடுத்து வரச் சொன்ன டொக்டர், சயரோகமாக, அதாவது காசநோயாக, இருந்தால் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், சுகமாகும்வரை பிள்ளையைப் பிரித்து வைக்கவேண்டும் என்றார். அதைக் கேட்டதிலிருந்து உம்மா பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை.

எக்ஸ்ரே எடுப்பவர் காரைதீவுப் பக்கத்து மனிதர், தன்மையாகக் கதைப்பவர். வயிற்றில் பிள்ளை உண்டா என்று முதலில் கேட்டார். இல்லை என்றோம். தாய்ப்பால் கெட்டுப்போகுமா என்று உம்மா என் காதில் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். கெடாது, எடுத்த கையோடு கொடுக்கலாம் என்றார். மாலையையும் சட்டை ஊசியையும் கழற்றச் சொன்னார். உலோகம் படத்தில் வெள்ளையாக விழுமாம். பிறகு நெஞ்சைத் தட்டையான பெட்டியோடு ஒட்டி, நாடியை, முகவாயை, உயர்த்தி, கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கவேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் ஒரு சத்தம். அவ்வளவுதான். வலியும் இல்லை, சூடும் இல்லை.

படம் எடுக்குமுன் தலைமுடியைத் தூக்கிக் கட்டவும் சொல்லியிருந்தார். அந்நிய ஆணுக்கு முன்னால் முக்காட்டை விலக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை, முக்காட்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். அவரும் வற்புறுத்தாமல் அப்படியே படத்தை எடுத்தார்.

டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலப்பக்கம், நெஞ்சின் மேல்முனையில் ஒரு வெள்ளை நிழல். மட்டக்களப்புக்குக் கடிதம் எழுதப் பேனையை எடுத்தார். உம்மா பிள்ளையை என் கையில் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்த நிழலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அது நெஞ்சுக்குள் நிற்காமல் தோளெலும்பைத் தாண்டிக் கழுத்துப் பக்கம் ஏறியது. கயிறுபோல மூன்று புரி. ஒன்று மற்ற இரண்டையும்விடத் தடிப்பு. அன்று காலை பிள்ளை அழுததால், உம்மாவுக்குத் தலை பின்னிவிட்டவன் நான்தான். எனக்கு ஒழுங்காகப் பின்னத் தெரியாது.

"டொக்டர், அது நோயில்ல," என்றேன். "நான் பின்னின பின்னல்."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உம்மா முக்காட்டுக்குள் கையைவிட்டுத் தடவினார். "ஓம், வலப்பக்கந்தான் கிடக்கு."

டொக்டர் பேனையை மூடினார். "முடியத் தூக்கிக் கட்டுங்க தங்கச்சி. இன்னொரு படம் எடுப்பம்."

எக்ஸ்ரேக்காரர் வெளியே நிற்க, கதவைச் சாத்தி நானே பின்னலை உச்சியில் சுருட்டிக் கட்டி முக்காட்டை மேலே போட்டேன். துணி படத்தில் விழாது, அடர்ந்த முடிதான் விழும் என்றார் அவர். "ஒரு பின்னலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் குடுக்கப் பாத்தமே, காக்கா," என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாவது படத்தில் இரண்டு பக்கமும் சுத்தம். டொக்டர் என் தோளில் தட்டினார். இருமலுக்குப் பாணி மருந்து எழுதித் தந்தார். அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததுபோல் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் இல்லை.

ஊருக்குத் திரும்பும் நிந்தவூர் பஸ்ஸில் பிள்ளையை அணைத்தபடி உம்மா சொன்னார், "இனியாவது ஒழுங்காப் பின்னப் பழகுங்க."

"ஒழுங்காப் பின்னியிருந்தா எனக்கே அடையாளம் தெரிஞ்சிரிக்காது," என்றேன்.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே கடற்கரைக்குப் போனேன். கரையேற்றிய தோணிகளின் மறைவில், கடலுக்கு முதுகைக் காட்டி, மக்கா இருக்கும் கிப்லாத் திசையை நோக்கி, மணலில் நெற்றியை வைத்து, நன்றிக்காக ஒரு ஸுஜூது செய்தேன். நெற்றியில் ஒட்டிய மணலைத் தட்டாமலே எழும்பி நடந்தேன்.