பிடரி பார்க்க வந்தவள்

முடி வெட்டிக்கொள்ளாமல் பெஞ்சில் உட்காருகிறவர்கள் மேல் சலூன்காரருக்குப் பல வருஷத்துக் கோபம். காத்தாடிக் காற்றுக்கு ஒருவன் வருவான், ஓசிப் பேப்பருக்கு ஒருவன் வருவான், வீட்டில் பொண்டாட்டி தேடுகிற நேரத்துக்கு ஒளிந்துகொள்ள ஒருவன் வருவான். "இது சலூனா, சத்திரமா?" என்று கத்தரியை ஆட்டி ஆட்டிக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பெஞ்சு காலியானதே இல்லை. அந்த ஓசிக் கூட்டத்தையே தூக்கிச் சாப்பிட ஒரு பெண்பிள்ளை வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நிற்பாள். தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு பை, கையில் தண்ணீர் பாட்டில். பெஞ்சின் ஓரத்தில் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்துகொள்வாள். பேப்பரைத் தொடமாட்டாள். காத்தாடி நின்றுபோனாலும் எழுந்திருக்கமாட்டாள். நாற்காலியில் இருக்கிறவனின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் இறங்கிப் போனதும் உதட்டைப் பிதுக்குவாள். அடுத்த தலை.

கடல் தாண்டி வேறொரு தேசத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தமிழ் வீட்டிலேயே வந்ததால் பேச்சில் தடங்கல் கிடையாது. கூச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

கண்ணில் பட்ட ஆண்பிள்ளை எல்லாரும் அவளுக்குச் சித்தப்பா. ஆட்டோக்காரர் சித்தப்பா, தபால்காரர் சித்தப்பா, தாடி முளைக்காத காலேஜ் பையன்கூடச் சித்தப்பா. சலூன்காரர் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நான் எப்போ உனக்குச் சித்தப்பா ஆனேன்? உங்கப்பனை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லியே."

"சொந்தத்தைத் தேடித்தானே வந்திருக்கேன். நாளைக்கே நீங்க சொந்தம்னு தெரிஞ்சா அப்புறம் மாத்திக் கூப்பிடணும். இப்பவே கூப்பிட்டு வச்சுட்டா வேலை மிச்சம்."

"அப்ப மாமான்னு கூப்பிடேன். மரியாதையா இருக்கும்ல?"

"உங்களுக்குப் பையன் இருக்கானா?"

"இருக்கான் ஒரு உருப்படாதவன்."

"அதான். மாமான்னா அவன் எனக்கு முறையாயிடுவான். சித்தப்பாதான் சேஃப்டி."

நாற்காலியில் பாதிச் சவரத்தில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் கன்னம் தப்பியது சலூன்காரரின் கைராசி.

அவளுடைய கொள்ளுத்தாத்தா இந்த ஊரிலிருந்து போனவர். தகப்பனோடு சண்டை போட்டு, கட்டிய துணியோடு கப்பலேறியவர். ஊர்ப்பெயரைத் தவிர பிள்ளைகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபக்காரர். இவள் புறப்படுகிறேன் என்றபோது வீடே சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டதாம். "அங்க நமக்கு நாதி ஏது? தனியாப் போயி யாரைப் பார்க்கப் போற, சுவத்தையா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். இவள் சொன்ன பதிலைச் சலூன்காரரிடம் அப்படியே திருப்பிச் சொன்னாள்: "ஒரே ஒருத்தர், 'நீ எங்க வீட்டுப் பொண்ணு'ன்னு சொல்லட்டும். கேட்டுட்டுத் திரும்பி வந்துடறேன்."

வந்து இறங்கித் தெருத்தெருவாக விசாரித்திருக்கிறாள். எப்போதோ கோபித்துக்கொண்டு போன ஒருவரை யாருக்குத் தெரியும்? "கோவிச்சுக்கிட்டுப் போறவங்க இந்த ஊர்ல தினம் நாலு பேரு. நீ யாரைச் சொல்ற?" என்று ஒரு கிழவர் கேட்டாராம்.

"சரி, அதுக்கு ஏன் என் கடையில வந்து குந்தியிருக்க?"

அவள் எழுந்தாள். திரும்பி நின்று, பின்னலை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். பிடரியில், மற்ற முடியெல்லாம் கீழே பார்த்து வளர்ந்திருக்க, ஒரு கொத்து மட்டும் இடப்பக்கம் சுழித்து மேலே பார்த்து நின்றது. அசல் கோழிவால்.

"எங்க தாத்தாவுக்கு இருந்துச்சு. அப்பாவுக்கு இருக்கு. எனக்கும் இருக்கு. எண்ணெய் தடவினாலும் படுக்காது, அடிச்சாலும் படுக்காது. எங்க குடும்பத்துச் சொத்தே இதுதான். ஊர்ல எல்லாப் பிடரியும் வந்துபோற இடம் சலூன்தானே சித்தப்பா?"

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "இதை நான் வெட்டியிருக்கேன்," என்றார். "இந்த வாலு என் கைக்குத் தெரியும். எத்தனை தடவை தண்ணி தெளிச்சு அமுக்கியிருக்கேன்!"

"யாரு? யாரு?"

அங்கேதான் தகராறு. எத்தனை யோசித்தும் ஆள் யாரென்று வரவில்லை. இத்தனை காலமும் அவர் மனிதர்களைப் பின்னாலிருந்தே பார்த்துப் பழகியவர். கடைத்தெருவில் எதிரே வந்து வணக்கம் சொல்கிறவனை அடையாளம் தெரியாமல் விழிப்பார், அவன் தாண்டிப்போய் முதுகைக் காட்டியதும், "அடடே, நீயாப்பா!" என்பார். பாதி ஊர் அவரைக் கர்வம் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம்.

"முகம் நமக்கு ஆகாதும்மா. தலை வரட்டும், பிடிச்சுடறேன்."

அன்றிலிருந்து பெஞ்சில் இருந்தவள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டாள். வந்தவன் சட்டைக் காலரை மடக்கினால் போதும், இரண்டு தலைகள் ஒன்றாகக் குனியும். "என்னய்யா, கழுத்துல மூச்சு விடுறீங்க? பேன் கீன் இருக்கா?" என்று ஒருவர் பதறி எழுந்தார். சவரத்துக்கு மட்டும் வந்தவர்களையும் விடவில்லை. "சித்தப்பா, கொஞ்சம் குனிங்களேன்," என்பாள். எதற்கென்று கேட்காமல் குனிந்தவர்கள்தான் அதிகம். அந்தக் குரல் அப்படி.

அவள் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாய் குறைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறவள் அதையும் விட்டாள். சலூன்காரர் தன் டப்பாவில் பாதியைத் தட்டில் தள்ளி, "தின்னு. பட்டினி கிடந்தா தலை வந்துடுமா?" என்று உறுமினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெயிண்ட் கடைக்காரர் டை அடிக்க வந்தார். நாற்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. தாய் தகப்பன் இல்லை, உடன்பிறப்பு இல்லை. பெண் வீட்டுக்குப் போகவேண்டிய நாளுக்கெல்லாம் டை அடித்துக்கொள்வார், சம்பந்தம் கூடிவராது, டை வெளுத்துப்போகும், மறுபடி வருவார். "உன் கடையில இல்லாத கலரா? ஒரு டப்பாவைத் திறந்து அடிச்சுக்க வேண்டியதுதானே," என்று சலூன்காரர் எப்போதும் சொல்கிறதையே சொல்லிக்கொண்டு, தலையில் டையை அப்பி, பிடரிக்கு வந்தார். விரல் நின்றது.

கோழிவால்.

"எம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தட்டு கீழே விழுந்தது.

அவள் ஓடிவந்து பார்த்தாள். நாற்காலியைச் சுற்றி முன்னால் போய் முழங்காலில் உட்கார்ந்து, "சித்தப்பா, உங்க வீட்டுல யாராவது கோவிச்சுக்கிட்டுக் கப்பலேறிப் போனாங்களா?" என்று கேட்டாள்.

"போனாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. எனக்கு ஒரு பெரியப்பா, எங்கப்பாவுக்கு ரொம்ப மூத்தவரு. அதுக்கு என்னம்மா இப்ப?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "அவரு எங்க கொள்ளுத்தாத்தா. அவரோட தம்பி மகன் நீங்க. அப்ப எங்க தாத்தாவுக்குத் தம்பி முறை. அப்ப எனக்கு..." முகம் மலர்ந்தது. "தாத்தா!"

பெயிண்ட் கடைக்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். தலையெல்லாம் ஈரக் கறுப்பு. நாளை மறுநாள் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். தரகரிடம் வயது முப்பத்தாறு என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"யாருக்கு யாரு தாத்தா? நான் டை அடிக்க வந்தேனா, சாக வந்தேனா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கே தாத்தா."

"இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே! எனக்குப் பெரியப்பாவும் இல்ல, கப்பலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யாருய்யா இவளை உள்ள விட்டது?" போர்த்திய துணியோடு, தலையில் வழிகிற டையோடு தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

அவள் கீழே கிடந்த தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரி சித்தப்பா, எங்கப்பா சொன்னதுதான் சரி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சலூன்காரருக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு பெயிண்ட் கடைக்கு நடந்தார். "துணியைக் குடுய்யா முதல்ல," என்று ஆரம்பித்து, "ஏன்யா, பொண்ணு பார்க்கப் போன இடமெல்லாம் ஏன் கெட்டுப்போச்சு? சொல்லு," என்றார்.

"உங்க பக்கம் யாரு இருக்கான்னு கேக்குறாங்க. ஒத்தை மரத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"பக்கத்துக்கு ஒரு ஆளு கடல் தாண்டி வந்து என் பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நீ விரட்டுற. அண்ணன் மகள்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. அவளுக்குச் சித்தப்பான்னு கூப்பிடப் புதுசாச் சொல்லித்தர வேண்டாம். பொறந்ததுலேருந்து அதைத்தான் சொல்றா."

பெயிண்ட் கடைக்காரர் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "தாத்தான்னு மட்டும் வாய் தவறக்கூடாது," என்றார்.

பெண் வீட்டுக்கு மூன்று பேராகப் போனார்கள். பெண் தையற்கடை வைத்திருந்தவள். நாற்பது நெருங்கியும் அதைப்பற்றிக் கவலைப்படாதவள். கடல் தாண்டி வந்தவள் போன வேகத்தில் பெண்ணின் தாயாரைச் சித்தி ஆக்கினாள். மூக்குக்கண்ணாடி வழுக்குகிறதென்று அந்தம்மாள் சொல்ல, வாங்கிக் காலை வளைத்து மாட்டிவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டீயை எடுக்க அவளும் பெயிண்ட் கடைக்காரரும் ஒன்றாகக் குனிந்தார்கள், அவள் பின்னல் முன்னால் சரிந்தது. பின்னால் நின்ற தாயாருக்கு இப்போது கண்ணாடி வேறு சரியாக நிற்கிறது.

"என்ன இது, ரெண்டு பேர் பிடரியிலயும் அச்சடிச்ச மாதிரி ஒரே வாலு?" அந்தம்மாளின் குரல் மாறியது. "அண்ணன் மகளா, சொந்த மகளா? உள்ளதைச் சொல்லுங்க. முன்னாடியே ஒரு குடும்பம் இருக்கா?"

கடல் தாண்டி வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் எந்த முறை வெளியே விழுமோ என்று பயந்தவள்போல உதட்டைக் கடித்திருந்தாள். சலூன்காரர் தான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

பெயிண்ட் கடைக்காரர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, மகள் இல்லீங்க! பேத்திங்க!"

"பேத்தியா?"

"எங்க பெரியப்பாவோட கொள்ளுப்பேத்தி. கோவிச்சுக்கிட்டுக் கப்பலேறிப் போனாரு. அவரு வம்சம் இது." மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வையில் டை கரைந்து காதோரம் வழிந்தது. "பார்த்தாலே தெரியலியா? இது எங்க வீட்டுப் பொண்ணு. நான் இதுக்குத் தாத்தா."

அவள் கோப்பையைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். கீழே வைக்கவும் தோன்றவில்லை.

தையற்கடைக்காரி சமையலறை வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "பேத்தி இருக்கிற ஆளுக்கு எதுக்கு இவ்வளவு டை?" என்றாள். "தலையணை உறை எல்லாம் கறுப்பாகும். துவைக்கப்போறது யாரு, நான்தானே?"

அதற்கு என்ன அர்த்தம் என்று பெயிண்ட் கடைக்காரருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்ப எனக்குப் பாட்டி," என்று அவள் தையற்கடைக்காரியைக் கட்டிக்கொண்டபோதுதான் புரிந்தது.

கல்யாணத்துக்கு அவளால் இருக்கமுடியவில்லை. லீவு தீர்ந்துவிட்டது. புறப்படுகிற காலையில் பைகளோடு சலூனுக்கு வந்தாள். சலூன்காரர் ஒரு தலையில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார்.

"சித்தப்பா, ஒரு வேலை சொல்லட்டா?"

"உனக்கு வேலை செஞ்சே என் பொழைப்பு போச்சு. சொல்லு."

"கல்யாணத்துல எங்க பக்கம் ஆளே இல்ல. நீங்க வந்து எங்க பக்கம் உக்காரணும். கடைசியில இல்ல, முன்னாடி."

சலூன்காரர் நாற்காலியில் இருந்தவர் மேலிருந்து துணியை உருவி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்று உதறினார். உதறி முடித்து, மறுபடியும் உதறினார். நாற்காலியிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, இன்னும் ஒரு பக்கம் வெட்டவே இல்லியே!"