வாராமல் விட்ட ஓரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் கரும்புத் தீவில், கான் தெ மாஸ்க் ஊர்ப் பக்கம் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்து, அதைப் பார்க்கவே ஜனங்கள் ரோட்டோரம் வந்து நின்ற வருஷம். கரும்பு வெட்டு முக்கால்வாசி முடிந்து, எல்லோரும் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நவம்பர் மாதத்தில் இது நடந்தது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் சோம்பேறி என்பது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. வேலை செய்யமாட்டாள் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. செய்வேன், ஆனால் நாளைக்குச் செய்வேன். கிழிந்த பாவாடையைத் தைக்க ஊசியில் நூலைக் கோத்துச் சுவரில் குத்தி வைத்தால், மகள் அந்தப் பாவாடைக்கு மேல் வளர்ந்த பிறகும் ஊசி அங்கேயே இருக்கும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. வெட்டுக் காலத்தில் அவர் வீடு திரும்பவே இருட்டிவிடும் என்பதால், வயலில் நடப்பதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மாமனார் விட்டுப்போன நிலம் இரண்டு அர்ப்பான். ஒரு அர்ப்பான் என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி என் கொழுந்தனுக்கு. எங்கள் வீடு ரோட்டோரம். கொழுந்தன் வீடு அவர் கரும்புக்கு நடுவில் இருந்தது. சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகை, வேய்ந்த சின்ன வீடு, முன்னால் ஒரு முற்றம், முற்றத்து மூலையில் வயலில் பொறுக்கிய கருங்கற்களைக் குவித்த ஒரு கல்மேடு. ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகக் கரும்புக்குள்ளே ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை.

எங்கள் பக்கத்துச் சின்ன விவசாயிகளிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருடைய கரும்பு முதலில் வெட்டி முடிகிறதோ, அவர்கள் வயல் ஓரத்தில் பத்தடி அகலத்துக்குச் சோகையை வாரி, மண் தெரியும்படி விட்டுவிட வேண்டும். வெட்டிய வயலில் காய்ந்து கிடக்கும் சோகையில் ஒரு பொறி விழுந்தால் போதும், சரசரவென்று ஓடும். பக்கத்தில் இன்னும் நிற்கிற கரும்புக்கு அந்த வெற்று மண்தான் காவல். அந்த வருஷம் எங்கள் கரும்புதான் முதலில் வெட்டி முடிந்தது. ஓரம் வாருவது என் வேலை. அரைநாள் வேலை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஆகியும் நான் அதைத் தொடவில்லை. முதல் வாரம் முதுகு வலி. இரண்டாவது வாரம் வெயில். மூன்றாவது வாரம் காரணம் தேடக்கூடச் சோம்பலாகிவிட்டது.

இதற்கிடையில் என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் மனைவிக்கு, பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிகிற பதினாறாம் நாள் வரை அவள் வெளியே தலைகாட்டக் கூடாது. குழந்தைக்குக் காற்றுப் பட்டுவிடும் என்று ஜன்னல் சந்துகளில் பழந்துணி திணித்து, கதவைச் சாத்தி, ஒரு சட்டியில் கரி நெருப்பு போட்டுச் சாம்பிராணியும் பூண்டுத் தோலும் புகைத்துக்கொண்டே இருப்போம். உள்ளே போனால் கண் எரியும். நான் வேளாவேளைக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டு போவேன். அவள் ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்பாள்.

“அக்கா, ஓரம் வாரியாச்சா?”

“நாளைக்கு வாரிடறேன் புள்ள.”

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ஒங்களுக்கு முடியலேன்னா சொல்லுங்கக்கா. ஞாயித்துக்கெழம வண்டி ஓட்டப் போக மாட்டாரு, அவர வாரச் சொல்றேன். நான் வெளிய வந்து பாக்க முடியாது, அதான் கேக்குறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவள் எனக்கு வேலை சொல்கிறாளா என்று ரோஷம். “ஆச்சு புள்ள, ஆச்சு. மண்ணு தெரியுது, போதுமா?” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. “அப்பாடா” என்று குழந்தைப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறுத்தவேயில்லை. நாளைக்குக் காலையில் வாரிவிட்டால் அது பொய்யில்லைதானே என்று நினைத்தேன். கொழுந்தன் விடியுமுன் ஆலைக்குக் கரும்பு வண்டி கட்டிக்கொண்டு போய் இருட்டிய பின் வருகிறவர், ஓரத்தைப் பார்க்க அவருக்கு நேரமேது?

பதினான்காம் நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. தீட்டுக் கழிக்கும் நாளுக்குச் சாமான் வாங்க, எங்களோடு இருந்த மாமியாரையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஃபிளாக் சந்தைக்குப் போனார். “இன்னிக்கு அவளத் தனியா விடாத. அங்க பீப்பாயில தண்ணி ரொப்பி வை” என்று மாமியார் என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனாள். காலையில் போய் ஓரகத்திக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, சோறு வடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தேன். தண்ணீரைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சோறு வடித்து, பூண்டுக் குழம்பும் வைத்து இறக்கியாயிற்று. ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்துவிட்டுக் கொண்டு போகலாம் என்று பாயில் படுத்தேன்.

“திஃபே! திஃபே!”

நெருப்பு, நெருப்பு என்று தீவின் பேச்சு மொழியான கிரெயோலில் அலறுகிற சத்தம். கிழக்கே துரையின் தோட்டத்தில் கரும்பு வெட்டுகிற பெண்களின் குரல் அது. வெளியே ஓடி வந்தேன். மஞ்சள் குளவிக் கூட்டுக்கு யாரோ பந்தம் காட்டினார்களாம், பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது எங்கள் வயலின் கிழக்குக் கோடியில் எழுந்த புகை மட்டும்தான். காற்றும் கிழக்கிலிருந்து, நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

வெட்டிய வயலில் எரிய என்ன இருக்கிறது, வெறும் சோகைதானே என்று ஒரு கணம் நின்றேன். அடுத்த கணம்தான் உறைத்தது. ஓரம்! நான் வாராத ஓரம்!

சோகை வாரும் பல்வாரியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று வாரப் பனியில் அழுந்திக் கிடந்த சோகை வாரியில் சிக்கியது, இழுத்தால் பாய் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. வாரியை வீசிவிட்டுக் கையால் அள்ளினேன். சோகை உள்ளங்கையை அறுத்தது. இரண்டு ஆள் நீளத்துக்கு மண் தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். ஓரமோ இருநூறு அடிக்கு மேல். முழங்கால் உயர நெருப்பு வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது. நான் வாரிய துண்டில் வந்து முட்டிய நெருப்பு அங்கேயே அடங்கியது. அதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு இரண்டு பக்கமும் சோகை வழியாக ஓடிப் போய், நிற்கிற கரும்பில் ஏறியது. ஏறியதும் அதன் சத்தமே மாறிவிட்டது.

ஒற்றையடிப் பாதைக்குள் நுழைந்து ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன், கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. “அம்மா மாரியாத்தா, அந்தப் புள்ளைய எடுத்துக்காத, என்னை எடுத்துக்கோ” என்று கத்திக்கொண்டே போனேன்.

கதவைத் தள்ளித் திறந்தால் உள்ளே புகை. சட்டிப் புகைதான். அந்தச் சாம்பிராணி வாசனையில் அவளுக்கு வெளியே எரிவது எப்படித் தெரியும்? குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சாவதானமாகப் படுத்திருந்தாள்.

“கதவச் சாத்துங்கக்கா, புள்ளைக்குக் காத்து படும்” என்றாள்.

“எந்திரி புள்ள! கரும்பு பத்திக்கிச்சு!”

“எந்தக் கரும்பு?”

“நம்ம கரும்புதான், எந்திரி!”

“அதான் ஓரம் வாரியிருக்கே…” என்று புரியாமல் பார்த்தாள். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைக் கைபிடித்துத் தூக்கினேன். பதினான்கு நாளாக நடக்காதவள் வாசலில் தள்ளாடி நின்றாள். அதற்குள் நான் வந்த பாதையின் வாயில் தீ தெரிந்தது. வேறு வழி கிடையாது. மற்ற மூன்று பக்கமும் ஆளை விழுங்குகிற உயரத்தில் கரும்பு.

அந்த முற்றத்தில் எரியாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கல்மேடு.

நாலு கோணிகளை எடுத்துக்கொண்டு பீப்பாய்க்கு ஓடினேன். அடியில் ஒரு சாண் தண்ணீர்! நிறைந்திருக்க வேண்டிய பீப்பாய். அதைச் சாய்த்து, கோணிகளைத் தேய்த்துத் தேய்த்து நனைத்தேன். மூன்று நனைந்தன, நாலாவதற்குத் தண்ணீர் இல்லை. அவளை முன்னால் தள்ளி மேட்டில் ஏற்றி, மேற்குப் பக்கத்துப் பள்ளத்தில் உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் போட்டு, ஈரக் கோணிகளால் இருவரையும் மூடினேன். காய்ந்த கோணியை எறிந்துவிட்டு அவர்கள் மேல் நான் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

பிறகு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் விறகு ஒடிக்கிற மாதிரி சத்தம். கல் சுட்டது. முதுகில் சேலை பொசுங்குகிற வாசனை வந்தது. கோணிக்குக் கீழே குழந்தை வீறிட்டு அழுதது. அது அழுகிறவரை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று அழுகை நின்றுவிட்டது.

அந்த நேரத்தை எத்தனை நிமிஷம் என்று என்னால் சொல்ல முடியாது. கோணியைத் தூக்கிப் பார்க்கவும் முடியவில்லை, தூக்கினால் அனல் உள்ளே போகும். நான் எதையோ பிதற்றிக்கொண்டே இருந்தேன்.

கரும்பு வெட்டுகிற கிரெயோல் பெண்கள் நாலைந்து பேர் பச்சைக் கிளைகளை ஒடித்து, புகைந்துகொண்டிருந்த சாம்பலை அடித்துக்கொண்டே வந்து எங்களைத் தூக்கினார்கள். ஒருத்தி கோணியை விலக்கினாள். குழந்தை தாயின் மார்பில் வாய் வைத்தபடி தூங்கிப்போயிருந்தது. வீடு இருந்த இடத்தில் நாலு கம்பங்கள் மட்டும் நின்று எரிந்துகொண்டிருந்தன.

கொழுந்தனும் ஓரகத்தியும் குழந்தையும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். என் முதுகுப் புண்ணுக்கு மாமியார் கற்றாழைச் சாறு தடவினாள். அம்மனுக்கு நேர்ந்த பால்குடத்தைப் போன வருஷம் எடுக்காமல் விட்டதால் வந்த வினை என்று அழுதாள். காற்று அப்படி அடித்தது என்றார் கொழுந்தன். உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினாள் என்று ஊரே என்னைப் பார்க்க வந்தது. நானும் பேசாமல் குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பால்குடம்தான் காரணம் என்று மாமியார் சொன்னபோது ஆமாம் என்று தலையாட்டவும் செய்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்றாம் நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் ஓரகத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஓரம் வாரியாச்சா?”

அதே கேள்வி. அதே குரல்.

“இல்ல புள்ள. வாரல. ஒங்கிட்ட பொய் சொன்னேன்.”

அவள் குழந்தையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டாள். “எனக்குத் தெரியும்க்கா. கல்லு மேல கெடந்தப்ப ‘ஓரம், ஓரம்’னு பொலம்பிக்கிட்டே இருந்தீங்க. இப்பவும் ஆச்சுன்னு சொல்வீங்களான்னுதான் கேட்டேன்.”

நான் அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. “காப்பாத்தினதும் நீங்கதான். அதையும் மறக்க மாட்டேன்” என்றாள். “ஆனா இனிமே நீங்க ஆச்சுன்னு சொன்னா, நான் போய்ப் பாத்துட்டுத்தான் நம்புவேன்.”

அன்று மாலையே மாமியாரிடமும் கொழுந்தனிடமும் நானே சொன்னேன். கொழுந்தன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. புது வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சோகை கட்டி வேய்ந்தோம்.

அந்தக் குழந்தை இப்போது கல்யாணமாகி, போ பசான் டவுனில் குடித்தனம் செய்கிறாள். என்னைப் பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு வருஷமும் எங்கள் கரும்பின் கடைசிக் கட்டு வண்டியில் ஏறிய மறுநாள், விடியும்போது நான் வாரியோடு ஓரத்தில் நிற்பேன். வாரி முடித்துவிட்டு ஓரகத்தி வீட்டு வாசலில் போய், “ஆச்சு புள்ள” என்பேன். அவள் சிரித்துக்கொண்டே எனக்குத் தேநீர் கொடுப்பாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வயல் ஓரம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். எனக்கு அதில் கோபமில்லை. அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்தபடியே “சரிக்கா” என்று சொல்கிற ஒரு நாள் வராதா என்ற ஏக்கம்தான், சோம்பல் என் காலைக் கட்டுகிற ஒவ்வொரு விடியலிலும் என்னைப் பாயிலிருந்து எழுப்பிவிடுகிறது.