உப்பில் போட்ட அரிசி

இந்த நாட்டில் உப்பு கட்டி தட்டுவதில்லை. டப்பாவைச் சாய்த்தால் மணலைப் போல ஓடிவிடுகிறது. எங்கள் பாறசாலைப் பக்கம், அதுவும் மழைக்காலத்தில், காலையில் திறந்து வைத்த உப்பு மாலைக்குள் கசியத் தொடங்கும். அதனால் உப்புக்குள் ஒரு பிடி அரிசி போட்டு வைப்போம். ஜெர்மனிக்கு வந்த பின்னும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. எங்கள் ஆய்வக உதவியாளர் ஹெல்கா, தேநீர் அறையில் நான் வைத்திருந்த டப்பாவிலிருந்து அரிசிமணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, "உங்கள் உப்பில் அரிசி கொட்டிவிட்டது, சுத்தம் செய்துவிட்டேன்" என்பார். நான் நன்றி சொல்லிவிட்டு மறுநாள் மீண்டும் போடுவேன். அவர் மீண்டும் பொறுக்குவார். நான் அரிசிப் பையைக் கவனமாகக் கையாளத் தெரியாதவள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் கரிம வேதியியல் ஆய்வாளர். செங்கல் என்ற ஊரைச் சேர்ந்த நானும் பக்கத்து ஊரான காரோட்டைச் சேர்ந்த என் தோழி ஜெபாவும் நெய்யாற்றின்கரைக்கு அருகே ஒரு சிறிய கல்லூரியில் ஒன்றாக ஆய்வு செய்தோம். காற்றை விலக்கி வினை நிகழ்த்த அங்கே நைட்ரஜன் உருளை கிடையாது. திறந்த குடுவையில், மலிவான துத்தநாகக் குளோரைடு என்ற உப்பைக் கொண்டே, வழக்கமாக விலையுயர்ந்த உலோகங்களைக் கொண்டு செய்யும், இரு மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்கும் வினையைச் செய்து காட்டினோம். எப்படிச் செய்தோமோ அப்படியே எழுதினோம். அந்தக் கட்டுரைதான் எனக்கு இந்த வேலையைத் தந்தது. ஊரில் தங்கிய ஜெபாவின் முனைவர் பட்ட ஆய்வேடும் அதன்மீதே நின்றது.

கட்டுரைக்கு மேற்கோள்கள் ஏறத் தொடங்கின. "உன் பேப்பர நெறைய பேரு எடுத்துக் காட்டியிருக்காங்களாமே" என்று அப்பா தொலைபேசியில் பூரித்தார். நான் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்திருந்தேன். 'எங்கள் கைகளில் இவ்வினை நிகழவில்லை' என்றே பெரும்பாலானவை சொல்லின. மாலை போட்டாலும் கல்லெறிந்தாலும் மேற்கோள் கணக்கில் ஒன்றுதான். இங்கே என் கையிலும் வினை நிகழவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவது நல்லது என்று இங்குள்ள என் பேராசிரியர் மென்மையாகச் சொன்னார். திரும்பப் பெற்றால் என் வேலை தப்பலாம். ஜெபாவின் பட்டம் தப்பாது. வசந்தம் வரை அவகாசம் கேட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நண்பகல், ஹெல்கா மீண்டும் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அது தவறி விழுந்ததல்ல, ஈரத்தை உறிஞ்ச நானே போட்டது என்று ஒருவழியாக விளக்கினேன். அவர் வியந்தார்.

"உப்பு காற்றிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொள்ளுமா?"

"எங்கள் ஊரில் எல்லா உப்பும் எடுத்துக்கொள்ளும்" என்றேன். சொன்ன வாயோடு உறைந்து நின்றேன். எங்கள் துத்தநாக உப்பு இங்கே ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அங்கே?

ஜெபாவை அழைத்தேன். அவள் பின்னணியில் மழை இரைந்தது.

"நம்ம துத்தநாக உப்பு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? ஒரே மழையாக்கும். பாட்டிலுக்குள்ள சளசளன்னு கிடக்கு, கரண்டியால தோண்டி எடுக்கேன். வினை எப்பவும் போல நடக்குது."

"அந்தச் சளசளப்புதான் மக்கா வேலை செய்யுது."

ஜெபா சிரித்தாள். "கொள்ளாம், நல்லாருக்கு. இத கண்டுபிடிக்க நீ பிளேன் ஏறிப் போவணும், இல்லியா? என்கிட்ட கேட்டிருந்தா செங்கல் பஸ்ஸில வச்சே சொல்லியிருப்பேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா சொல்லியிருப்பேன்."

அவள் அங்கே உப்பை அடுப்பில் உலர்த்தி ஈரத்தை நீக்கினாள், வினை நின்றது. நான் இங்கே உலர்ந்த உப்பில் ஒரு துளி நீர் விட்டேன். மறுநாள் காலை குடுவையின் அடியில் வெண்படிகங்கள் மின்னின. பேராசிரியர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு திரும்பப் பெறுவது பற்றி அவர் பேசவே இல்லை. அந்த ஒரு துளியைப் பற்றி நானும் ஜெபாவும் சேர்ந்து சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டோம். இல்லை என்றவர்களே செய்து பார்த்து, ஆம் என்று எழுதினார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. ஜெபா இப்போது முனைவர். காரோட்டுத் திருச்சபையில் அறிவிப்பு வாசித்தபோது தன் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்பது மட்டுமே அவளுடைய குறை.

மேற்கோள் எண்ணிக்கை இன்று எனக்குப் பெருமை தருகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதை நான் விடவில்லை. நைட்ரஜன் உருளை வாங்க வழியில்லாத கல்லூரிகள் அதற்குள் இருக்கின்றன. நச்சு உலோகக் கழிவை ஆற்றில் விடாமல் இந்த வினையைச் செய்ய முடிகிறதே என்று எழுதிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அறிவியலின் வெற்றியை அது எத்தனை பேருடைய கைக்கு எட்டுகிறது என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

ஹெல்கா இப்போது அரிசியைப் பொறுக்குவதில்லை. குறைந்தால் அவரே ஒரு பிடி போடுகிறார். தேநீர் அறையில், இங்கே இல்லாத ஈரத்துக்கு அஞ்சி உப்பில் அரிசி போட்டு வைத்திருக்கிறேன். கதவைத் தாண்டி ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், அதே ஈரத்தை ஒரு துளியாக எடுத்து உப்பில் சேர்க்கிறேன்.